துளைப்பதா, உறிஞ்சுவதா? பூஞ்சையைக் கொல்லும் பாலியீன் மருந்துகள்

பாக்டீரியாவைக் கொல்ல என்ன மருந்து இருக்கிறது என்று கேட்டால் டாக்டரிடம் நீளமான பட்டியல் ஒன்று இருக்கும். பூஞ்சை உடலுக்குள் இறங்கிவிட்டது, ரத்தத்திலோ மூளை உறையிலோ வளர்கிறது என்றால் அந்தப் பட்டியல் சட்டென்று சுருங்கிவிடும். பெரிய மருந்து வகைகளை ஒரு கை விரல்களுக்குள் அடக்கிவிடலாம். அவற்றில் மூத்தது பாலியீன் மேக்ரோலைடு வகை. 1950-ல் வெளியுலகுக்குத் தெரியவந்தது. எழுபது ஆண்டுகளுக்கு மேல் ஆகியும் ஓய்வு கிடைக்கவில்லை. மற்ற மருந்துகள் கைவிட்ட இடத்தில் டாக்டர்கள் இன்னமும் இதைத்தான் எடுக்கிறார்கள், கொஞ்சம் பயந்துகொண்டேதான்.

பயத்துக்குக் காரணம் சிறுநீரகம். பூஞ்சையைக் கொல்லும் அதே மருந்து நோயாளியின் சிறுநீரகத்தையும் பதம் பார்க்கிறது. இந்த இரண்டையும் பிரிக்க முடியுமா, முடியாதா? பாலியீன் ஆராய்ச்சியில் எந்த மூலைக்குப் போனாலும் கடைசியில் இந்தக் கேள்விதான் வந்து நிற்கும். எனவே இந்தக் கட்டுரையும் அதைப் பிடித்துக்கொண்டே போகிறது.

பூஞ்சை நமக்குக் கிட்டத்துச் சொந்தம்

பூஞ்சை பார்க்கச் செடி மாதிரி இருக்கிறது. வேர் போல இழை விடுகிறது, ஓரிடத்தில் உட்கார்ந்து வளர்கிறது. ஆனால் பரிணாம மரத்தில் அது செடியைவிட விலங்குகளுக்குத்தான் நெருக்கம். அதன் செல்லுக்குள் உட்கரு உண்டு, மைட்டோகாண்ட்ரியா உண்டு. புரதம் தயாரிக்கும் ரைபோசோமும் நம்முடையதை ஒத்தது. பாக்டீரியா அப்படியில்லை. பெனிசிலின் தாக்குகிற சுவர்ப்பொருள் நம் செல்லில் எங்கேயும் கிடையாது. அதனால் பாக்டீரியாவின் சுவர் உடைந்து அது சாகும்போது நம் செல்லுக்கு ஒன்றும் ஆவதில்லை. பூஞ்சை விஷயத்தில் இப்படிக் கைவைக்க வசதியான இடங்கள் குறைவு. பூஞ்சையின் எந்த உறுப்பை அடித்தாலும் அதே போன்ற ஒன்று நமக்கும் இருந்து தொலைக்கிறது.

வித்தியாசம் தெரிகிற சில இடங்களில் ஒன்று செல் சவ்வு. கொழுப்பு மூலக்கூறுகள் இரண்டு அடுக்காக அடுக்கப்பட்ட மெல்லிய படலம் அது. அந்தப் படலம் ரொம்பவும் இளகிவிடாமலும் விறைத்துவிடாமலும் இருக்க நடுநடுவே ஸ்டெரால் என்ற வகை மூலக்கூறுகள் செருகப்பட்டிருக்கும். நம் செல்லில் அந்த வேலையைப் பார்ப்பது கொலஸ்ட்ரால். பூஞ்சையில் எர்கோஸ்டெரால்.

இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வரைந்து பார்த்தால் இரட்டைப் பிள்ளைகளில் ஒருவருக்கு மட்டும் மச்சம் இருப்பது போலத்தான் இருக்கும். இரண்டிலும் ஒட்டிக்கொண்ட நான்கு வளையங்கள், ஒரு முனையில் ஓர் ஹைட்ராக்சில் (ஓர் ஆக்சிஜனும் ஒரு ஹைட்ரஜனும் சேர்ந்த சிறு குழு), மறுமுனையில் ஒரு வால். கொலஸ்ட்ராலில் 27 கார்பன், எர்கோஸ்டெராலில் 28. அந்தக் கூடுதல் கார்பன் வாலில் ஒரு சிறு கிளையாகத் தொங்குகிறது. கொலஸ்ட்ராலில் இரட்டைப் பிணைப்பு ஒன்றே ஒன்று. எர்கோஸ்டெராலில் மூன்று: வளையத்தில் இரண்டு, வாலில் ஒன்று. இதனால் எர்கோஸ்டெரால் சற்றுத் தட்டையாகவும் வால் பகுதி கொஞ்சம் விறைப்பாகவும் இருக்கிறது. வித்தியாசம் இவ்வளவுதான். பாலியீன் மருந்துகளின் பிழைப்பு மொத்தமும் இந்தச் சின்ன வித்தியாசத்தில் ஓடுகிறது. அது சின்னது என்பதால்தான் தொல்லையும்.

ஃப்ளூகோனசோல் போன்ற அசோல் மருந்துகளும் எர்கோஸ்டெராலைத்தான் குறிவைக்கின்றன என்று சிலர் படித்திருக்கலாம். உண்மைதான், ஆனால் வழி வேறு. எர்கோஸ்டெராலைத் தயாரிக்கும் நொதி ஒன்றை அசோல் முடக்குகிறது. பாலியீன் எந்த நொதியையும் தொடுவதில்லை. தயாராகிச் சவ்வில் உட்கார்ந்திருக்கும் எர்கோஸ்டெராலையே நேராகப் போய்ப் பிடிக்கிறது. இந்த வேறுபாட்டின் பலன் என்ன என்பதைப் பிறகு பார்ப்போம்.

மருந்தின் உருவம்

பாலியீன் மேக்ரோலைடு என்றால் இரட்டைப் பிணைப்புகள் வரிசையாக உள்ள ஒரு பெரிய வளைய மூலக்கூறு. இந்த வகையில் பிரபலமான ஆம்போடெரிசின் பி-யின் வளையத்தில் 38 அணுக்கள். நாட்டமைசினுக்கு 26. வளையம் என்றதும் வட்டமாக நினைக்க வேண்டாம். நீளவாக்கில் இழுத்துவிட்ட வளையம் இது. அதன் ஒரு பக்கத்தில் ஒன்றுவிட்டு ஒன்றாக இரட்டைப் பிணைப்புகள் வளையாத கம்பியாக ஓடுகின்றன. அந்தப் பக்கத்துக்குக் கொழுப்புதான் பிடிக்கும். எதிர்ப்பக்கம் முழுக்க ஹைட்ராக்சில் குழுக்கள். அதற்குத் தண்ணீர்தான் பிடிக்கும். ஒரு முனையில் மைக்கோசமைன் என்ற சர்க்கரை ஒட்டிக்கொண்டிருக்கிறது. அதில் காரத் தன்மையுள்ள ஓர் அமினோ குழு, பக்கத்திலேயே வளையத்தில் அமிலத் தன்மையுள்ள ஒரு கார்பாக்சில் குழு. ஆக ஒரே மூலக்கூறில் அமிலமும் உண்டு, காரமும் உண்டு, எண்ணெய்ப் பக்கமும் உண்டு, நீர்ப் பக்கமும் உண்டு. இப்படி இருந்தும் நடுநிலையான தண்ணீரில் கரைய மாட்டேன் என்கிறது. மருந்து தயாரிக்கிறவர்களை எழுபது வருஷமாக அலைக்கழித்த குணம் இது.

ஆம்போடெரிசின் பி-யில் இரட்டைப் பிணைப்புகள் தொடர்ச்சியாக ஏழு. அதனால்தான் மஞ்சள் நிறம். நிஸ்டாடினில் இரண்டு, பிறகு ஓர் இடைவெளி, பிறகு நான்கு. அந்த இடைவெளியில் இன்னொரு இரட்டைப் பிணைப்பு வந்திருந்தால் நிஸ்டாடினும் ஏழு பிணைப்பு மூலக்கூறாகியிருக்கும். இந்த ஓர் இடைவெளிக்குப் பின்னால் அழகான மரபணுக் கதை ஒன்று இருக்கிறது. கொஞ்சம் பொறுங்கள்.

மண்ணும் தபாலும்

1940-களின் கடைசியில் பாக்டீரியாவுக்கு மருந்துகள் மளமளவென்று வந்துகொண்டிருந்தன. அவற்றில் பலவும் மண்ணில் வாழும் ஸ்ட்ரெப்டோமைசஸ் என்ற நுண்ணுயிரிகளிடமிருந்து கிடைத்தவை. அந்த மருந்துகள் உடலின் நல்ல பாக்டீரியாக்களையும் சேர்த்துத் துடைத்துவிட, காலி இடத்தில் கேண்டிடா என்ற ஈஸ்ட் பூஞ்சை செழித்து வளர ஆரம்பித்தது. ஒரு நோயைத் தீர்க்கப் போய் இன்னொன்று.

நியூயார்க் மாநில சுகாதாரத் துறையின் ஆய்வகத்தில் வேலை பார்த்த எலிசபெத் லீ ஹேசன் நுண்ணுயிரியலாளர், நியூயார்க் நகரத்தில் இருந்தார். ரேச்சல் ஃபுல்லர் பிரவுன் வேதியியலாளர், அதே துறையின் ஆல்பனி ஆய்வகத்தில் இருந்தார். இடையில் 200 கிலோமீட்டருக்கு மேல். ஹேசன் மண் மாதிரிகளில் இருந்து நுண்ணுயிரிகளை வளர்த்து, எவை பூஞ்சையைக் கொல்கின்றன என்று பார்ப்பார். தேறியவற்றைக் கண்ணாடி ஜாடியில் போட்டுத் தபாலில் ஆல்பனிக்கு அனுப்புவார். பிரவுன் அதிலிருந்து வேலை செய்யும் பொருளைப் பிரித்தெடுத்துத் திருப்பித் தபாலில் அனுப்புவார். ஹேசன் அதைப் பூஞ்சையின் மேலும் எலியின் மேலும் சோதிப்பார். பூஞ்சையைக் கொன்றவற்றில் பெரும்பாலானவை எலியையும் கொன்றன. நான் சொன்ன கேள்வி முதல் நாளிலிருந்தே இருக்கிறது பாருங்கள்.

பிழைத்து வந்தது, வர்ஜீனியாவில் நர்ஸ் என்ற குடும்பத்தாரின் பால் பண்ணை மண்ணிலிருந்து 1948-ல் கிடைத்த ஒரு நுண்ணுயிரி. அதற்கு ஸ்ட்ரெப்டோமைசஸ் நர்சி என்று பெயர் வைத்தார்கள். அது தந்த மருந்துக்கு நியூயார்க் மாநிலத்தை வைத்து நிஸ்டாடின் என்று பெயர் வந்தது. 1950-ல் அறிவித்தார்கள், 1954-ல் ஸ்குவிப் நிறுவனம் சந்தைக்குக் கொண்டுவந்தது. காப்புரிமையில் ஒரு கோடியே முப்பது லட்சம் டாலருக்கு மேல் வந்தது. இருவரும் அதில் தங்களுக்கென்று எதுவும் எடுத்துக்கொள்ளாமல் முழுவதையும் அறிவியல் ஆராய்ச்சிக்கே விட்டுவிட்டார்கள். 1966-ல் ஃபுளோரன்ஸ் நகரத்தில் வெள்ளம் வந்து ஓவியங்களில் பூஞ்சை பிடித்தபோது அவற்றைக் காப்பாற்றவும் நிஸ்டாடினைப் பயன்படுத்தினார்கள் என்பது கொசுறுச் செய்தி.

நிஸ்டாடினுக்கு ஓர் எல்லை உண்டு. விழுங்கினால் குடலில் இருந்து ரத்தத்துக்கு ஏறாது. ஊசியாகப் போட்டால் நச்சு. ஆகவே வாய்ப்புண், குடல், தோல், பிறப்புறுப்பு என்று மருந்து நேராகத் தொடக்கூடிய இடங்களோடு நின்றுவிட்டது. ரத்தத்தில் பரவிய பூஞ்சைக்கு வேறொன்று தேவைப்பட்டது.

அதையும் ஸ்குவிப் ஆய்வகம்தான் கண்டுபிடித்தது, 1950-களின் நடுவில். வெனிசுலாவில் ஓரினோகோ ஆற்றுப் பகுதியின் மண்ணில் இருந்த ஸ்ட்ரெப்டோமைசஸ் நோடோசஸ் இரண்டு பொருள்களைத் தந்தது: ஆம்போடெரிசின் ஏ, ஆம்போடெரிசின் பி. இரண்டாவதுதான் வலிமையானது. கரையாத அதை, டியாக்சிகோலேட் என்ற பித்த உப்போடு கலந்து ஒரு மாதிரி கலங்கவைத்துச் சிரைக்குள் ஏற்றினார்கள். கிட்டத்தட்ட அதே சமயத்தில் தென்னாப்பிரிக்காவின் நேட்டால் மண்ணிலிருந்து நாட்டமைசினும் வந்து சேர்ந்தது. அது இன்று சீஸ், சாசேஜ் மேற்பரப்பில் பூஞ்சை பிடிக்காமல் இருக்க இ235 என்ற எண்ணில் சேர்க்கப்படுகிறது. கண்ணின் கருவிழியில் பூஞ்சை பிடித்தால் சொட்டு மருந்தாகவும் போடுகிறார்கள். மதுரை அரவிந்த் கண் மருத்துவமனை குழுவும் அமெரிக்க ஆய்வாளர்களும் சேர்ந்து நடத்தி 2013-ல் வெளியிட்ட ஆய்வில், புது மருந்தான வோரிகோனசோலைவிட இந்தப் பழைய நாட்டமைசின்தான் மேல் என்று தெரிந்தது. ஃபியூசேரியம் என்ற பூஞ்சையில் அந்த வித்தியாசம் பளிச்சென்று தெரிந்தது.

வார்டில் என்ன நடக்கிறது

ஆம்போடெரிசின் பி வருவதற்கு முன்பு, கிரிப்டோகாக்கஸ் பூஞ்சை மூளை உறையைத் தாக்கினால் பிழைப்பது அபூர்வம். இந்த மருந்து வந்ததும் பிழைக்க ஆரம்பித்தார்கள். ஆனால் ஏற்றும்போதே காய்ச்சல், உடலைத் தூக்கிப்போடும் குளிர் நடுக்கம். ஆங்கிலம் பேசும் டாக்டர்கள் தங்களுக்குள் இதை ‘ஆம்போடெரிபிள்’ என்று சொல்லிக்கொள்வார்கள்.

பழைய வடிவத்தை ஏற்றுவதைக் கிட்டத்தில் இருந்து பார்த்தால் மருந்தின் சுபாவம் புரியும். ஒரு நாளைக்கு உடல் எடையில் கிலோவுக்கு 0.7 முதல் 1 மில்லிகிராம் வரை. மருந்துக்கு முன்னால் ஒரு பாட்டில் சலைன் ஏற்றுவார்கள். சிறுநீரகத்துக்குப் போகும் சிறு தமனிகளை மருந்து சுருக்கிவிடுவதால், உடலில் உப்பும் நீரும் போதுமான அளவு இருந்தால் அடி கொஞ்சம் குறையும். ஆனால் மருந்தைச் சலைனில் கலக்கக் கூடாது. கலந்தால் திரிந்து படிந்துவிடும். ஐந்து சதவீத டெக்ஸ்ட்ரோஸில்தான் கலக்க வேண்டும். எனவே சலைன் முடிந்ததும் குழாயை டெக்ஸ்ட்ரோஸால் கழுவிவிட்டு, அப்புறம்தான் மருந்து. மணிக்கணக்கில் மெதுவாக இறங்கும். சிறுநீரகத்தின் நுண்குழல்களும் அடிபடுவதால் பொட்டாசியமும் மெக்னீசியமும் சிறுநீரில் ஒழுகிப்போகும். அதனால் ரத்தம் எடுத்து அளவு பார்த்துப் பார்த்து ஈடு கட்ட வேண்டும்.

துளை என்ற கதை

மருந்து எப்படிக் கொல்கிறது? பாடப்புத்தகங்கள் பல காலமாகச் சொல்லிவரும் பதில் இது. ஆம்போடெரிசின் மூலக்கூறுகள் எட்டுப் போல எர்கோஸ்டெராலோடு சேர்ந்து சவ்வுக்குள் வட்டமாக நிற்கின்றன. கொழுப்புப் பக்கம் வெளியே, நீர்ப் பக்கம் உள்ளே. நடுவில் ஒரு துளை. அதன் வழியாகச் செல்லுக்குள் இருக்கும் பொட்டாசியம் வெளியே கொட்டிவிடுகிறது, செல் சாகிறது. கேட்க நன்றாக இருக்கிறது. துளை விழுவதும் பொட்டாசியம் ஒழுகுவதும் சோதனையில் பார்த்த உண்மைகள்தான்.

இந்தக் கதை உண்மையானால் ஒரு சங்கடமான முடிவும் கூடவே வருகிறது. துளை போடுவதுதான் கொலை என்றால், நம் செல்லிலும் மருந்து கொலஸ்ட்ராலோடு சேர்ந்து துளை போடும். இரண்டும் ஒரே வேலை, பிரிக்க முடியாது. பல பத்தாண்டுகள் பலரும் அப்படித்தான் நினைத்து ஒதுங்கிப் போனார்கள் என்று தோன்றுகிறது.

ஒரு முரண் மட்டும் உறுத்திக்கொண்டே இருந்தது. நாட்டமைசின் எர்கோஸ்டெராலைப் பிடிக்கிறது, பூஞ்சையை அடக்குகிறது, ஆனால் சவ்வில் துளையே போடுவதில்லை. 2008-ல் நெதர்லாந்து ஆய்வாளர்கள் இதைத் தெளிவாகக் காட்டினார்கள். துளையில்லாமலே காரியம் நடக்கிறது என்றால் துளை எதற்கு?

அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் மார்ட்டின் பர்க் குழு இந்தக் கேள்வியை வேதியியலால் உடைத்தது. எனக்கு இந்த வகை ஆராய்ச்சியில் ரொம்பப் பிடித்த சோதனை இதுதான். ஆம்போடெரிசினில் ஒரே ஓர் அணுவையோ ஒரு சிறு குழுவையோ மட்டும் எடுத்துவிட்டு, மீதியை அப்படியே விட்டுவிடுவார்கள். பிறகு என்ன வேலை நின்றது என்று பார்ப்பார்கள். 35-ஆம் கார்பனில் இருந்த ஹைட்ராக்சிலை எடுத்தார்கள். அந்த மூலக்கூறால் துளை போட முடியவில்லை, ஆனால் எர்கோஸ்டெராலைப் பிடித்தது. ஈஸ்ட் செத்தது. மைக்கோசமைன் சர்க்கரையை எடுத்தார்கள். எர்கோஸ்டெராலைப் பிடிக்கவில்லை. ஈஸ்ட் சாகவில்லை. 2012-ல் இதை வெளியிட்டார்கள். துளை ஓர் உபரி அடி. கொலைக்கு எர்கோஸ்டெராலைப் பிடித்தாலே போதும்.

ஏன் போதும்? பூஞ்சைக்கு எர்கோஸ்டெரால் வெறும் சவ்வு நிரப்பி அல்ல. சவ்வில் இருக்கும் பல புரதங்கள் வேலை செய்ய அது வேண்டும். உணவை உள்ளே இழுப்பது, செல்லுக்குள் பைகள் ஒன்றோடொன்று இணைவது என்று ஏகப்பட்ட காரியம் அதை நம்பியிருக்கிறது. அதை யாராவது கைப்பற்றிவிட்டால் எல்லாமே ஒரே நேரத்தில் நின்றுபோகும்.

2014-ல் அதே குழு இன்னொரு படி போனது. மருந்து மூலக்கூறுகளில் பெரும்பகுதி சவ்வுக்குள் நிற்பதே இல்லை, சவ்வுக்கு வெளியே பெரிய திரளாகக் கூடி, எர்கோஸ்டெராலைச் சவ்விலிருந்து உறிஞ்சி வெளியே எடுக்கிறது என்றார்கள். ஸ்டெரால் பஞ்சு என்பது இந்த மாதிரிக்கு அவர்கள் வைத்த பெயர். 2021-ல் அந்தப் பஞ்சின் உள் அமைப்பையும், அதற்குள் இருக்கும் வெற்றிடங்களையும் அணு காந்த ஒத்ததிர்வு முறையில் படம்பிடித்தார்கள். பழைய துளை மாதிரி பொய் என்று இதற்கு அர்த்தமல்ல. துளையும் விழுகிறது, ஆக்சிஜனேற்றச் சேதமும் நடக்கிறது. எது முதல் காரணம் என்பதில்தான் எடை மாறியிருக்கிறது.

இப்போது அந்தச் சங்கடத்துக்குத் திரும்புவோம். கொல்வது துளை அல்ல, பிடிப்பு என்றால் வழி திறக்கிறது. எர்கோஸ்டெராலைப் பிடித்துக் கொலஸ்ட்ராலை விட்டுவிடும் மூலக்கூறு ஒன்று செய்தால் போதும். மைக்கோசமைன் சர்க்கரையில் இரண்டாம் கார்பனில் உள்ள ஹைட்ராக்சிலை எடுத்துவிட்டார்கள். கொலஸ்ட்ரால் பிடிப்பு போயிற்று, எர்கோஸ்டெரால் பிடிப்பு நின்றது. மனிதச் செல்களுக்கு நச்சும் போயிற்று. ஆனால் அந்த மூலக்கூறைப் பெருமளவில் தயாரிப்பது கஷ்டம். அதனால் ஹைட்ராக்சிலை எடுக்காமல் திசையை மட்டும் திருப்பிவைத்த ஒரு வடிவத்துக்குப் போனார்கள். சிறுநீரகத்துக்குச் சாது. ஆனால் சில பூஞ்சைகளிடம் பலிக்கவில்லை. காரணம் வேகம். எர்கோஸ்டெராலை அது உறிஞ்சியது, ஆனால் மெதுவாக. எனவே 16-ஆம் கார்பனில் இருந்த கார்பாக்சில் குழுவை அமைடாக மாற்றி உறிஞ்சும் வேகத்தைக் கூட்டினார்கள். அப்படி வந்ததுதான் ஏஎம்-2-19 என்ற மூலக்கூறு. 2023-ல் நேச்சர் இதழில் வெளியானது. எலியிலும் மனித சிறுநீரகச் செல்களிலும் நச்சு தெரியவில்லை. பிறகு மனிதர்களிடம் முதல்கட்டச் சோதனைக்கும் போனது.

கொழுப்புப் பையில் மருந்து

மூலக்கூறைத் தொடாமலே நச்சைக் குறைக்க இன்னொரு வழி 1980-களிலேயே தொடங்கிவிட்டது. லிபோசோம் என்பது கொழுப்பு அடுக்கால் ஆன நுண்ணிய பை. ஆம்போடெரிசினை அந்தப் பையின் சுவருக்குள்ளேயே செருகிவிட்டார்கள். சுவரில் கொலஸ்ட்ராலும் சேர்க்கப்பட்டிருக்கிறது. மருந்துக்குக் கொலஸ்ட்ராலோடு இருக்கும் சுமாரான ஒட்டுதலே இங்கே உதவிக்கு வருகிறது. நம் செல்களுக்குப் போகாமல் பையிலேயே உட்கார்ந்திருக்கும். எர்கோஸ்டெரால் உள்ள பூஞ்சையைச் சந்தித்தால் பலமான ஒட்டுதல் இருக்கும் அந்தப் பக்கம் தாவிவிடும். எதிரியின் குணத்தையே காவலாக்கியது கெட்டிக்காரத்தனம்தான். ஒரு பையின் விட்டம் 80 நானோமீட்டர் அளவு.

லிபோசோம் வடிவமும் வேறு சில கொழுப்பு வடிவங்களும் 1990-களில் புழக்கத்துக்கு வந்தன. 1999-ல் வெளியான பெரிய ஒப்பீட்டு ஆய்வில், காய்ச்சலோடு வெள்ளணுக்கள் குறைந்திருந்த நோயாளிகளிடம் பழைய வடிவமும் லிபோசோமும் சம அளவில் பலித்தன. சிறுநீரகப் பாதிப்பு பழைய வடிவத்தில் 34 சதவீதம், லிபோசோமில் 19 சதவீதம். பாதிப்பு குறைந்தது, ஒழியவில்லை.

ஓர் எச்சரிக்கையையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். லிபோசோம் வடிவத்தின் வழக்கமான அளவு கிலோவுக்கு 3 முதல் 5 மில்லிகிராம். அதே எண்ணிக்கையைப் பழைய வடிவத்தில் கொடுத்துவிட்டால் உயிருக்கே ஆபத்து, அப்படி உயிர்கள் போயும் இருக்கின்றன. சீட்டில் வெறுமனே ஆம்போடெரிசின் என்று எழுதாமல் எந்த வடிவம் என்று முழுதாக எழுத வேண்டும் என்று வற்புறுத்துவது இதனால்தான்.

நச்சு குறைந்ததும் ஒரே தடவையில் அதிக அளவு கொடுத்துப் பார்க்கும் துணிவு வந்தது. காலா அசார் என்ற நோயைக் கொண்டுவரும் லீஷ்மேனியா பூஞ்சையே அல்ல, ஓர் ஒட்டுண்ணி. ஆனால் அதன் சவ்விலும் எர்கோஸ்டெரால் வகை ஸ்டெரால்கள் உண்டு, எனவே ஆம்போடெரிசினுக்குச் சிக்கும். பீகாரில் நடந்து 2010-ல் வெளியான ஆய்வில், கிலோவுக்கு 10 மில்லிகிராம் லிபோசோம் மருந்தை ஒரே ஒரு முறை ஏற்றியதும், பழைய வடிவத்தை ஒருநாள் விட்டு ஒருநாள் 15 முறை ஏற்றியதும் ஏறக்குறைய ஒரே பலனைத் தந்தன. இரண்டிலும் 95 சதவீதத்துக்கு மேல் குணம். பிறகு ஆப்பிரிக்காவில் ஐந்து நாடுகளில், எச்ஐவியோடு கிரிப்டோகாக்கஸ் மூளை உறை அழற்சி உள்ளவர்களுக்கு இதே ஒற்றை டோஸை வேறு இரண்டு மாத்திரைகளோடு சேர்த்துக் கொடுத்தார்கள். பத்து வாரத்தில் இறந்தவர்கள் 24.8 சதவீதம். ஏழு நாள் பழைய வடிவம் ஏற்றிய பிரிவில் 28.7. 2022-ல் முடிவு வெளியாயிற்று, அதே ஆண்டு உலக சுகாதார நிறுவனம் ஒற்றை டோஸைப் பரிந்துரைத்தது.

ஏன் எதிர்ப்பு வளரவில்லை

பாக்டீரியாவின் கதை நமக்குத் தெரியும். மருந்து வந்த சில ஆண்டுகளிலேயே எதிர்ப்பு வந்துவிடும். ஆம்போடெரிசினுக்கு இத்தனை ஆண்டு புழக்கத்துக்குப் பிறகும் எதிர்ப்பு அபூர்வம். அசோலுக்கு எதிராகப் பூஞ்சை ஒரு நொதியில் ஓர் எழுத்தை மாற்றினாலே தப்பிக்கலாம். பாலியீனிடம் தப்ப வேண்டுமானால் எர்கோஸ்டெராலையே கைவிட வேண்டும். கைவிட்டுவிட்டு என்ன செய்யும்? 2013-ல் சூசன் லிண்ட்குவிஸ்ட் ஆய்வகம் அப்படிப்பட்ட கேண்டிடா விகாரிகளை, அதாவது மரபணு மாறிய வகைகளை, உருவாக்கிப் பார்த்தது. மருந்து அவற்றை ஒன்றும் செய்யவில்லை. ஆனால் காய்ச்சல் சூட்டைத் தாங்க முடியவில்லை, வெள்ளணுக்களிடம் சிக்கின, திசுவைத் துளைத்துப் போக முடியவில்லை. எலியில் நோயே உண்டாக்கவில்லை. மருந்திடம் தப்பியதற்குக் கொடுத்த விலை அத்தனை பெரிது.

விதிவிலக்குகள் உண்டு. ஆஸ்பர்ஜிலஸ் டெரியஸ் பூஞ்சைக்கு இயல்பிலேயே இந்த மருந்து சரியாகப் பலிப்பதில்லை. 2009-ல் ஜப்பானில் ஒரு நோயாளியின் காதிலிருந்து எடுத்து விவரிக்கப்பட்ட கேண்டிடா ஆரிஸ் அதைவிடப் பெரிய தலைவலி. அமெரிக்காவில் சோதித்த மாதிரிகளில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு ஆம்போடெரிசினுக்கு மசியவில்லை. 2022-ல் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட ஆபத்தான பூஞ்சைப் பட்டியலில் முதல் வரிசை நான்கில் இதுவும் ஒன்று.

மரபணுவுக்குள் தேடுவது

சரி, அந்த இடைவெளிக் கதை. நிஸ்டாடினைத் தயாரிக்கும் மரபணுத் தொகுப்பை 2000-ல் நார்வே குழு படித்தது. ஆம்போடெரிசினுடையதை 2001-ல் டப்ளின் குழு. இரண்டு நுண்ணுயிரியிலும் ராட்சத நொதிகள் தொடராக நிற்கின்றன. ஒவ்வோர் அலகும் வளரும் சங்கிலியில் ஒரு துண்டைச் சேர்த்து, கொஞ்சம் திருத்தி, அடுத்த அலகிடம் கொடுக்கும். இரட்டைப் பிணைப்பை அழித்து ஒற்றையாக்கும் திருத்தப் பகுதி ஐந்தாம் அலகில் இருக்கிறது. நிஸ்டாடினில் அது ஒழுங்காக வேலை செய்கிறது, எனவே இடைவெளி. ஆம்போடெரிசினில் அது அரைகுறை. வேலை செய்தால் ஆம்போடெரிசின் ஏ, செய்யாவிட்டால் ஆம்போடெரிசின் பி. ஒரே நுண்ணுயிரி ஏன் இரண்டு பொருளைத் தந்தது என்ற பழைய புதிருக்கு இதுதான் விடை. நார்வே குழு நிஸ்டாடின் தயாரிப்பாளரில் அந்தப் பகுதியை முடக்கியது. ஏழு இரட்டைப் பிணைப்பும் தொடர்ந்து ஓடும், பூஞ்சையிடம் கூடுதல் வீரியமுள்ள நிஸ்டாடின் கிடைத்தது.

இப்போதெல்லாம் மண்ணைத் தோண்டுவதற்கு முன் தகவல் கிடங்கைத் தோண்டுகிறார்கள். சீன மருந்தியல் பல்கலைக்கழகக் குழு ஒன்று மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட பாக்டீரியா மரபணுத் தொகுதிகளை அலசியது. மைக்கோசமைனை ஒட்டவைக்கும் நொதியின் மரபணுவைத் தூண்டிலாகப் போட்டு, குடும்பத்தில் சற்று விலகி நின்ற ஒரு கிளையைப் பிடித்தது. அதிலிருந்து கிடைத்த மாண்டிமைசின் 2025-ல் நேச்சரில் வெளியானது. பாலியீன் உடம்புதான், ஆனால் கூடுதல் சர்க்கரைகள் ஒட்டியிருப்பதால் தண்ணீரில் ஆம்போடெரிசினைவிட எத்தனையோ மடங்கு நன்றாகக் கரைகிறது. அது பிடிப்பது எர்கோஸ்டெராலை அல்ல, சவ்வின் இரண்டு அடுக்கையும் கட்டும் கொழுப்பு மூலக்கூறுகளான பாஸ்போலிப்பிடுகளை என்று அந்தக் குழு சொல்கிறது. பல மருந்துகளுக்கு மசியாத பூஞ்சைகளையும் அது கொன்றது, எலியின் சிறுநீரகத்துக்கும் அதிகம் தீங்கு செய்யவில்லை. பாஸ்போலிப்பிடு நம் செல்லிலும் நிறையவே இருக்கிறதே, பிறகு எப்படி நம்மை விட்டுவிடுகிறது என்ற கேள்வி யாருக்கும் வரும். கட்டுரை வந்ததும் ஆய்வாளர்கள் முதலில் விரல் வைக்க வேண்டிய இடமும் அதுதான். ஏஎம்-2-19 மனிதர்களிடம் போயிருக்கிறது, மாண்டிமைசின் வெளியானபோது எலியில்தான் நின்றது.